இலவசம் அக்கா

அரியலூரில் நரகத்துக்குப் போகும் வழி எல்லாப் பக்கமும் அடைக்கப்பட்ட கட்டடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், லாரிகள் திரும்பும் சந்தில் இருந்த எங்கள் பெண்கள் விடுதி. அடைத்து வைத்திருந்தவர் எங்கள் வார்டன். வார்டனும் அவரே, சமையலும் அவரே, கேட்டைப் பூட்டுவதும் அவரே. இத்தனைக்கும் மேல், யாரும் கேட்காமலே, அங்கே தங்கியிருந்த பத்துப் பதினைந்து பெண்களின் ஆத்துமாக்களுக்கும் அவர் பொறுப்பேற்றுக்கொண்டிருந்தார்.

அவருக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தச் சந்தில் யாருக்கும் அது தெரியாது. எல்லோருக்கும் அவர் இலவசம் அக்காதான். முகத்துக்கு நேரே 'அக்கா' என்போம். அவர் சமையலறைக்குள் போனபிறகு முன்னால் 'இலவசம்' வந்து ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை முதல் நாளே தெரிந்துகொண்டேன். ஒரு சிமெண்ட் ஆலையின் ஆபீசில் வேலை கிடைத்து, ஜெயங்கொண்டம் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியிருந்தேன். அக்கா கையில் கரண்டியோடு வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, வெள்ளைப் புடவை, ஊரையே கூப்பிடும் குரல்.

"பேரு?"

"கவிதாங்க."

"முட்ட திம்பியா?"

"திம்பேங்க."

"இரட்சிக்கப்பட்டுட்டியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆதார், ரேஷன் கார்டு, எம்ப்ளாய்மெண்ட் பதிவு என்று என்னிடம் இருந்த காகிதங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பெயரில் எதுவும் இல்லை.

"இன்னும் இல்லக்கா. எந்த ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்?"

அக்கா கரண்டியை ஜன்னல் கட்டையில் வைத்தார். இப்படி ஒரு பதிலுக்காகவே இத்தனை வருடம் காத்திருந்தவர்போல அவர் முகம் மலர்ந்தது.

"எழுதியே குடுக்க வேணாம் தங்கம். இலவசம்!"

அன்று மதியம் சாம்பார் ஊற்றிக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தார். "நல்லவளா இருந்தா கெடைக்கும்னு நெனைக்காத. தானம் தர்மம் பண்ணிச் சம்பாதிக்கிற சமாச்சாரம் இல்ல இது. நான் பாவிதான்னு மொதல்ல நீ ஒத்துக்கணும். மனசு திரும்பணும். ஏசப்பா எனக்காகச் செத்தாரு, உசுரோட எழுந்தாருன்னு நெஞ்சார நம்பணும். வாயால சொல்லணும். அவ்ளோதான். குடுக்கறவரு அவரு. நீ கைய நீட்டுனா போதும்."

"வேற ஒண்ணும் செய்ய வேணாமாக்கா?"

"ஒண்ணும் வேணாம்."

"மொட்ட? தீமிதி?"

"வேணாம்."

"ரெண்டு போட்டோவாவது?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நஸ்ரினுக்குப் புரையேறியது. அவள் என் அறைத்தோழி. பெரம்பலூர் மாவட்டத்துக்காரி, தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அக்காவின் வகுப்புகளில் என்னைவிட சீனியர். எத்தனை கேள்வி வந்தாலும் சிரித்துக்கொண்டே, "தொழுதுட்டு வந்து பேசிக்கலாம்க்கா" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு நழுவிவிடுவாள். அக்கா விடமாட்டார். ஆனால் ரமலான் மாதத்தில் நோன்பு பிடிக்கும் நேரத்துக்கு முன்பாகவே எழுந்து அவளுக்கு மட்டும் சுடச்சுடச் சமைத்து வைப்பார். "நோன்பு வச்சுலாம் இரட்சிப்பு வராது புள்ள. ஆனா வெறும் வயித்தோட வச்சுத் தொலைக்காத, தின்னுட்டு வையி" என்று தட்டை நகர்த்துவார்.

விடுதிப் பெண்களோடு அவர் நிறுத்திக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்கள் கேட்டை உரசிக்கொண்டு திரும்பியது. அக்கா கரண்டியோடு ஓடிப்போய் லாரிக்கு முன்னால் நின்றார். டிரைவர் வெலவெலத்துப் பிரேக் போட்டார்.

"இப்புடி ஓட்டுனியன்னா இன்னிக்கே போய்ச் சேந்துருவ. எங்க போவன்னு தெரியுமா ஒனக்கு?"

"பிளாண்டுக்குத்தாங்க்கா" என்றார் டிரைவர் பரிதாபமாக.

கேஸ் சிலிண்டர் போடுகிறவர் இன்னும் விவரமானவர். சிலிண்டரைத் தோளில் வைத்து, முகத்தை அதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டுதான் உள்ளே வருவார். இறக்கி வைத்த வேகத்தில் காணாமல் போய்விடுவார். "இலவசம்னு சொன்னா ஓடறான் பாரு" என்று அக்கா தெருவைப் பார்த்து அங்கலாய்ப்பார்.

இவ்வளவும் சொன்னது, இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான். இரட்சிப்பு இலவசம் என்று அரியலூர் முழுக்கத் தண்டோரா போட்ட இந்த அக்கா, தன் வாழ்க்கையில் யாரிடமிருந்தும் எதையும் இலவசமாக வாங்கிக்கொண்டதே கிடையாது.

ஊரிலிருந்து நான் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தால், மறுநாள் அதே கிண்ணத்தில் வடை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தால், பதிலுக்கு நான்கு பச்சை மிளகாய் போகும். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், கொடுத்தவரின் பையையோ குழந்தையையோ பிடுங்கி மடியில் வைத்துக்கொள்வார். ஒரு கிறிஸ்துமஸுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்குப் புடவை எடுத்துக் கொடுத்தோம். அழுதுகொண்டே வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் எங்கள் ஒவ்வொருவர் கட்டில்மேலும் ஒரு ரவிக்கைத் துணி இருந்தது.

விடுதிப் பெண்களோடு ஒருமுறை ரஞ்சன்குடிக் கோட்டைக்கு வந்தார். இறங்கும்போது செங்குத்தான ஓர் இடத்தில் ஒரு கல்லூரிப் பையன் மரியாதையாக, "கையப் புடிச்சுக்குங்க ஆன்ட்டி" என்று கை நீட்டினான். அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்படியே பாறையில் உட்கார்ந்து, எங்கள் எல்லோருடைய டிபன் கேரியரையும் மடியில் வைத்துக்கொண்டு, சறுக்கியே இறங்கிவிட்டார்.

தெருவே வரிசையில் நின்று அரசாங்கத்தின் இலவச மிக்ஸியை வாங்கி வந்தபோதும் அக்கா போகவில்லை. ஆட்டுக்கல்லில்தான் அரைத்தார். "சும்மா வர்றது எனக்கு எதுக்கு?" என்றார்.

நஸ்ரினுக்குப் பொறுக்கவில்லை. "நீங்கதானக்கா இரட்சிப்பே சும்மா வருதுன்னு சொல்றீங்க?"

"அது வேற. இது வேற."

"எப்புடி வேற?"

"வெங்காயத்த உரி" என்றார் அக்கா.

அவருடைய சபையிலும் இதே கதைதான் என்று பாஸ்டர் ஒருநாள் எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சபையைப் பெருக்குவது அக்கா, பாயை விரிப்பது அக்கா, வெள்ளிக்கிழமை தவறாமல் உபவாசம் இருப்பது அக்கா. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்தில் அக்காவை இலை முன்னால் உட்காரவைக்க எவராலும் முடிந்ததில்லை. பரிமாறிக்கொண்டே இருந்துவிட்டு, விடுதிக்குப் போய்ப் பழையது சாப்பிடுவாராம்.

இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, அந்த ஐப்பசி மழை வரும்வரை.

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மாடியில் எங்கள் துணி காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தோம். அக்கா மேலே ஓடி, எல்லாவற்றையும் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். பாசி பிடித்த படி வழுக்கிவிட்டது. விழும்போது இரண்டு கைகளையும் ஊன்றியதில் இரண்டு மணிக்கட்டும் போய்விட்டன. செய்தி கிடைத்து நஸ்ரின் ஆட்டோவில் வந்து, தன் மருத்துவமனைக்கே அழைத்துப் போனாள். மாலையில் அக்கா திரும்பி வந்தபோது முழங்கையிலிருந்து விரல்வரை இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு. ஒன்றரை மாதம் அசைக்கக் கூடாது என்றார்களாம்.

"துணி நனைஞ்சுருச்சா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அடுத்த நாள் முதல் சமையல் எங்கள் தலையில் விழுந்தது. அக்கா சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெள்ளைக் கைகள் இரண்டையும் டிராபிக் போலீஸ் மாதிரி ஆட்டி வேலை வாங்கினார். "கடுகு வெடிக்கட்டும்டி! இப்ப என்ன அவசரம், ரயிலு போயிருமா?" நாங்கள் வைத்த ரசத்தை முகர்ந்து பார்த்து, "கர்த்தரே, இவங்கள மன்னியும்" என்றார்.

ஆனால் சாப்பிடவில்லை.

முதல் நாள் கேட்டால் உபவாசம் என்றார். இரண்டாம் நாளும் உபவாசம். கட்டுக் கைகளுக்கு நடுவே ஸ்பூனைச் செருகிக்கொண்டு முயன்றதில் சோறெல்லாம் புடவையில் கொட்டியது. யாருமில்லை என்று நினைத்துத் தட்டில் வாயை வைத்து உண்ண முயன்றதை நான் பார்த்துவிட்டேன். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டேன். நஸ்ரின் குளிப்பாட்டிவிடுவதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். அதுவும் அவள், "இது என் டூட்டிக்கா, ஆஸ்பத்திரியில தெனமும் செய்யறதுதான்" என்று சாதித்ததால். ஊட்டிவிடுகிறேன் என்று யார் போனாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் மாத்திரை போட்டுவிட்டு மயங்கிச் சரிந்தார். எங்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நான் போனில் அம்மாவிடம் அழுதேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினார். ஒரு பையில் கத்தரிக்காய், ஒரு பையில் முருங்கைக்கீரை, இடுப்பில் சொருகிய முந்தானை. எங்கள் அம்மா காட்டு வேலை பார்த்து வளர்ந்தவர். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு ரசம் வைத்தார். சோற்றைக் குழைய வடித்துப் பிசைந்தார். தட்டோடு அக்காவின் அறைக்குள் போய், கட்டிலுக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் கதவருகில் நின்றேன்.

"வாயத் தொறங்க வார்டனம்மா."

அக்கா பதறி எழுந்து உட்கார்ந்தார். "வேணாம்மா. நீங்க செய்யக் கூடாது."

"ஏன்? எங் கையிக்கு என்ன?"

"அதுக்கில்ல." அக்கா என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவை. "நீங்க நெலம் வச்சிருக்கிற சம்சாரி வூட்டு ஆளுங்க. நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியாது."

"யாரு?"

அந்தப் பெரிய குரல் சுருங்கிப்போயிற்று. "எங்கம்மா கொள்ளிடக் கரையோரம் வயல்ல நட்டுப் பொழைச்சவங்க. வேல முடிஞ்சு நெலத்துக்காரங்க வூட்டுக் கொல்லப் பக்கம் போயி நிப்பாங்க. குனிஞ்சு ரெண்டு கையையும் சேத்து ஏந்துவாங்க. மேலேருந்து கஞ்சி ஊத்துவாங்க, பாத்திரம் பட்டுரக் கூடாதுன்னு. நான் எங்கம்மா சேலையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். கஞ்சி விரலு வழியா ஓடும். ஒருநா வூட்டுக்கு வந்து எந் தலையில கைய வச்சுச் சொன்னாங்க, நீ எவங்கிட்டயும் கையேந்தக் கூடாதுன்னு. நான் ஏந்தலம்மா. இன்னிவரைக்கும் ஏந்தல."

அம்மாவின் கையில் இருந்த சோற்று உருண்டை அப்படியே இருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பினார். "கவிதா, ஒங்களுக்கெல்லாம் சொன்னேன், கைய நீட்டு, நீட்டுன்னு. அந்த ஏசப்பாகிட்டகூட நான் நீட்டுனதில்ல புள்ள. பெருக்கறேன், உபவாசம் இருக்கேன், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேன். அவரு குடுத்ததுக்கு ஈடா எதையாச்சும் செஞ்சுக்கிட்டே இருக்கேன். ஒருநா நிறுத்திட்டா, நீ யாருடின்னு கேட்டுருவாரோன்னு பயமா இருக்கு."

அம்மா உருண்டையைத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார், "எங்க வூட்டுலயும் அப்புடித்தான் ஊத்துனாங்க. எம் மாமியா ஊத்துனா. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அம்மா உருண்டையை மறுபடி கையில் எடுத்தார்.

"இப்ப நீங்க மேல உக்காந்திருக்கீங்க. நான் கீழ உக்காந்திருக்கேன். கையக்கூட நீட்ட வேணாம், அதான் கட்டுல கெடக்குதே. வாயத் தொறந்தாப் போதும். சோறு ஆறுது."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. வெளியே ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகப் போய் முடிந்தது. அதன்பிறகுதான் அக்கா வாயைத் திறந்தார். அம்மா ஊட்டினார். அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அம்மாவே முந்தானையால் துடைத்தார். மென்று விழுங்கியதும் அக்கா சொன்னார்:

"உப்பு கம்மி."

"நாளைக்குச் சேத்துப் போடறேன். இன்னிக்கு முழுங்குங்க" என்றார் அம்மா.

அம்மா ஊருக்குப் போகாமல் எங்களோடேயே தங்கிவிட்டார். மூன்று வேளையும் ஊட்டினார். மூன்று வேளையும் சண்டை. புளி அதிகம், பருப்பு வேகவில்லை என்று அக்கா சொல்வார். சமைத்தவளுக்குத் தெரியாதா என்று அம்மா சொல்வார். உடம்பு தேறியதும் அக்காவுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவில், "ஏம்மா, நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று ஆரம்பித்தார்.

"வாய மூடி மெல்லுங்க. விக்கல் எடுத்துக்கும்."

அந்தச் சமயத்தில் சபையில் அன்பின் விருந்து வந்தது. பரிமாறக் கை இல்லாததால் அக்கா போகமாட்டார் என்று நினைத்தோம். போனார். பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்தார். நஸ்ரின் துணைக்குப் போயிருந்தாள். பாஸ்டரே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினாராம். அவர் சபையில் ஊட்டிவிட்டதும் அதுதான் முதல் தடவை, அக்கா அங்கே வயிறாரச் சாப்பிட்டதும் அதுதான் முதல் தடவை. "ரெண்டு தடவ பாயசம் கேட்டாங்கடி" என்று நஸ்ரின் வந்து சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

கட்டுப் பிரிக்கக் கொஞ்ச நாள் இருக்கையில் அம்மா ஊருக்குக் கிளம்பினார். கடலைக்கு மருந்தடிக்க ஆள் வருகிறது, இனியும் தங்க முடியாது. அம்மா செருப்பைப் போடும்போது அக்கா பரபரத்தார். "கவிதா, ஓடு! என் பெட்டியத் தொற. அடியில புதுச்சேல ஒண்ணு கெடக்கு, பச்சக் கர போட்டது. எடுத்தா."

எனக்கும் நஸ்ரினுக்கும் சிரிப்பு வந்தது. இது நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, புடவையைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது வாசலிலிருந்து குரல் கேட்டது.

"கவிதா! வேணாம். வையி."

நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றார். தூக்க முடியாத பாரத்தைத் தூக்குகிறவர் முகம்போல இருந்தது அவர் முகம்.

"போயிட்டு வாங்கம்மா" என்றார். "நான் ஒங்களுக்கு ஒண்ணும் குடுக்கல."

"யாரு கேட்டா?" என்றார் அம்மா. பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். சந்து திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு யாரிடமோ சொல்வதுபோல, "அவங்க குடுத்தாங்க. நான் வாங்கிக்கிட்டேன்" என்றார். உள்ளே போய்க் கட்டிலில் படுத்தவர், அன்று சாயங்காலம்வரை குழந்தைபோலத் தூங்கினார்.

கட்டுப் பிரித்தபிறகு அவர் ஆளே மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். லாரிகளை மறிப்பது நிற்கவில்லை. சிலிண்டர்காரருக்கும் விடுதலை கிடைக்கவில்லை. ஒருநாள் அந்தச் சிலிண்டர்காரரே மனமிரங்கி, சீவிய இளநீர் ஒன்றை வாங்கி வந்து நீட்டினார். அக்கா அதை வாங்கி நின்ற இடத்திலேயே முழுசாகக் குடித்துவிட்டு, "நல்லாருந்துச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். அவர் அரண்டுபோனார். இன்னும் ஏதோ பாக்கியிருக்கிறது என்று ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். இலவச மிக்ஸிக்கும் அக்கா போய்க் கேட்டார். அது எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "நல்லவேளை, எங்க ஆண்டவருகிட்ட கடைசித் தேதி கெடையாது" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தார். ஆனால் இரட்சிப்பைப் பற்றி எங்களிடம் பேசும்போது முன்பிருந்த அவசரம் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு, ஏதோ ருசியை நினைத்துக்கொள்கிறவர்போல ஒரு சிரிப்புச் சிரிப்பார். எனக்கு அவர் சொன்ன எல்லாப் பிரசங்கத்தையும்விட அந்தச் சிரிப்புத்தான் புரிந்தது.

எனக்குக் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. நஸ்ரின் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறாள். அக்கா இப்போது பெரம்பலூரில் கல்லூரிப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருக்கிறார். போன மாதம் ஊருக்குப் போகும் வழியில் பார்க்கப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. காப்பி கொடுத்தார். என் பையன்களைப் பற்றிக் கேட்டார், அம்மாவின் முட்டிவலியைப் பற்றிக் கேட்டார், கடைசியில் கேட்கவேண்டியதையும் கேட்டார்.

"யோசிச்சுக்கிட்டுதான்க்கா இருக்கேன்" என்றேன். எத்தனையோ வருடமாக இதைத்தான் சொல்கிறேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "யோசி, யோசி. நான் பாத்துக்கறேன். விடியக்காலம் எந்திரிச்சதும் ஒம் பேரு, நஸ்ரின் பேரு, ஒங்கம்மா பேரு எல்லாம் சொல்லி ஜெபம் பண்ணிட்டுத்தான் அடுப்பப் பத்தவெக்கறேன்."

"எப்பலேருந்துக்கா?"

"நீ பொட்டியோட வந்து நின்னியே, மறுநாளேருந்து."

சென்னையில் சில நாட்கள் விடிவதற்கு முன்பே எனக்கு முழிப்பு வந்துவிடும். வீட்டுக் கவலைகள் ஒவ்வொன்றாக வந்து தலைமாட்டில் நிற்கும். இந்நேரம் பெரம்பலூரில் ஒருவர் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் படுப்பேன். நல்ல தூக்கம் வந்துவிடுகிறது.